எட்டு மாத வாடகை பாக்கி, காலியும் செய்ய மாட்டேன் என்கிறார்: கரண்டைத் தொடாமல் என்ன செய்யலாம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பெரம்பூரில் வீடு, மனைவி பெயரில் பத்திரம். கீழே நீங்கள், மாடிப் போர்ஷனில் 2017-லிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அப்போது 20 ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டீர்கள், அது 2018-லேயே முடிந்துவிட்டது, அப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை. வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. எட்டு மாதமாக வாடகை வரவில்லை, கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். மகனுக்குத் தை மாதம் கல்யாணம், மாடி வேண்டும். தெரிந்தவர் ஒருவர் "மோட்டாரையும் கரண்டையும் நிறுத்துங்க, ஒரே வாரத்துல ஓடிடுவான்" என்கிறார், செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யவே செய்யாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம்). அதன் 20-வது பிரிவு தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதி எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் (வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வருவாய்த்துறை அதிகாரி) ஒரு மனு கொடுத்தால் போதும், விசாரணை முடிவதற்கு முன்னாலேயே கரண்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கிவிடலாம். அந்த உத்தரவின் நகலைப் பிறகு உங்கள் காலி செய்யும் வழக்கில் அவருடைய முதல் சான்றாவணமாகப் போடுவார். வாடகை கொடுக்காத ஆள் என்ற இடத்திலிருந்து, வீட்டுக்காரரால் கொடுமைப்படுத்தப்பட்ட ஆள் என்ற இடத்துக்கு நீங்களே அவரை நகர்த்தி வைப்பீர்கள்.

பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது இதைவிட மோசம். நிலையாகக் குடியிருப்பவரை, அவருக்கு அங்கே இருக்க உரிமை முடிந்துபோயிருந்தாலும், சட்ட வழியில்தான் வெளியேற்ற முடியும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் சாவியை அவர் கையில் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். கூடவே அத்துமீறி நுழைந்ததாகக் கிரிமினல் புகாரும் வரும். இந்த வயதில் நீங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இன்னொரு பயமும் தெரிகிறது, "பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமாமே" என்று. இல்லை. வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியின் பேரில் இருப்பவர், எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். வாடகைக்கு நுழைந்தவர் அந்த வாடகை உறவு நீடிக்கும்வரை வீட்டுக்காரரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு, உங்கள் உரிமையை மறுத்து வெளிப்படையாக அனுபவித்து வருகிறவருக்கு. அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை, வாடகை பாக்கியை வசூலிக்கக் காலவரம்பு மூன்று வருடம்தான்.

சரி, இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது.

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாடகை தரவில்லை என்று காலி செய்ய வேண்டுமானால் "வில்ஃபுல் டிஃபால்ட்", அதாவது வேண்டுமென்றே தரவில்லை என்று காட்ட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து வருடம் ஓடிய வழக்குகள் உண்டு. புதிய சட்டத்தில் அந்த வார்த்தை இல்லை. அதன் 21(2)(பி) பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இரண்டு மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு நோட்டீஸ், நோட்டீஸ் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டவில்லை என்றால் காலி செய்ய உத்தரவிடலாம். அதற்கு முன்னால் இருக்கும் 21(2)(ஏ) உங்களுக்கு இன்னும் நேராகப் பொருந்துகிறது. சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிய வாடகையாக இருந்தால், இரு தரப்பும் புதிய சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்றால் அதுவே வாடகையை முடித்துக்கொள்ள ஒரு காரணம். உங்களுடையது 2017-ல் தொடங்கியது, ஒப்பந்தம் 2018-ல் முடிந்தது, பிறகு எழுத்தில் எதுவும் இல்லை. மூன்றாவதாக, மகனுக்காக மாடி தேவைப்படுவது சொந்த உபயோகக் காரணம். இந்த மூன்றையும் ஒரே மனுவில் சேர்த்துக் கேட்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

ஒரு எச்சரிக்கை. சொந்த உபயோகம் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் மகன் எங்கே வேலை செய்கிறார், இப்போது எங்கே தங்கியிருக்கிறார், உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா, கீழ் வீட்டில் எத்தனை அறை என்று எல்லாம் கேட்பார்கள். மணப்பெண்ணுக்கு பெங்களூரில் வேலை, மகனும் அங்கேதான் குடித்தனம் வைக்கப் போகிறார் என்றால் அந்தக் காரணத்தை விட்டுவிடுங்கள். ஒரு பொய் மீதி இரண்டு உண்மைகளையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

அடுத்து நோட்டீஸ். வழக்கின் பாதி பலம் இந்த ஒரு தாளில் இருக்கிறது, ஆனால் இதைத்தான் ஏனோதானோ என்று அனுப்புகிறார்கள். "பல மாதமாக வாடகை தரவில்லை, உடனே காலி செய்யவும்" என்று எழுதிய நோட்டீஸ் பாதிக்கு மேல் பார்த்திருக்கிறேன். பல மாதம் என்றால் எந்த மாதம்? மாதவாரியாக எழுதச் சொல்லுங்கள்: எந்த மாதத்து வாடகை, எவ்வளவு, வந்ததா வரவில்லையா, கடைசியாக எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது. பேங்க் ஸ்டேட்மென்டை எதிரே வைத்துக்கொண்டு வக்கீல் எழுத வேண்டும், உங்கள் ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது. ஒரு மாத வாடகையை அவர் ஜிபேயில் மனைவியின் நம்பருக்கு அனுப்பியிருந்து, அதை நீங்கள் பாக்கியில் சேர்த்துவிட்டால், அந்த 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டே மொத்த நோட்டீஸும் பொய் என்று வாதாடுவார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தையும் அதே நோட்டீஸில் அடைத்துவிடுங்கள். எட்டு மாதத்துக்கு 96,000. அட்வான்ஸ் 60,000-ஐ முழுதாகக் கழித்தாலும் 36,000, அதாவது மூன்று மாத வாடகை நிற்கிறது. இந்த வரியை அப்படியே எழுதுங்கள்: அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதற்கான தொகை, வாடகைக்குக் கழிக்க நாம் ஒத்துக்கொள்ளவில்லை, அப்படியே கழித்தாலும் இன்னும் இவ்வளவு பாக்கி. பழைய சட்டத்தில் இந்த அட்வான்ஸ் வாதத்தாலேயே விழுந்துபோன வழக்குகள் ஏராளம், ஆகவே அவருடைய வக்கீல் இதைத்தான் முதலில் எடுப்பார். இரண்டு வழியிலும் பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டுகிறது என்று நீங்களே முன்கூட்டி எழுதிவிட்டால் அந்த வாதத்துக்கு வேலையில்லை. சிலர் இரண்டு மாதம் பாக்கி ஆனதுமே அவசரப்பட்டு நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள், ஆறு மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நோட்டீஸ் எப்படிப் போக வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது, சொத்து மாற்றுச் சட்டம் 106(4)-ன்படி. தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், எதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டலாம். தபாலிலேயே அனுப்புங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் கவுன்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பதிவோடு, ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மாடிக்குப் போன தபாலை அவர் வாங்காமல் திருப்பி அனுப்பினால் கவலைப்படாதீர்கள். "வாங்க மறுத்துவிட்டார்" என்று தபால்காரர் எழுதிய அந்தக் கவர் உங்களுக்குப் பொக்கிஷம். அதைப் பிரிக்காமல் அப்படியே கோர்ட்டில் கொடுக்க வேண்டும், ஆர்வத்தில் கிழித்துப் பார்த்துவிடாதீர்கள். "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பினால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், இன்னொரு முறை அனுப்பி, சாட்சி வைத்துக் கதவில் ஒட்டிப் போட்டோவும் எடுத்துக்கொள்வது நல்லது.

நோட்டீஸ் கிடைத்ததும் அவர் பயந்து கொஞ்சம் பணம் அனுப்பலாம். "வாங்கினா கேஸ் போயிடும்" என்று பணத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அது தவறு. நீங்கள் மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டு, நான் கொடுக்கத் தயார், வீட்டுக்காரர்தான் வாங்கவில்லை என்பார். வாங்கிக்கொண்டு, அன்றே ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ போடுங்கள்: இவ்வளவு வந்தது, பழைய பாக்கியில் வரவு வைக்கிறேன், என் நோட்டீஸையும் வழக்கு போடும் உரிமையையும் இது பாதிக்காது என்று. வாட்ஸ்அப்பை டெலீட் செய்யாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பின்னால் அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் பாக்கி என்ற காரணம் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது மற்ற இரண்டு காரணங்கள்தான் உங்களுக்குத் துணை, அதனால்தான் மூன்றையும் நோட்டீஸிலேயே எழுதச் சொல்கிறேன்.

ஒரு மாதம் முடிந்ததும் மனு. சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கேதான் ரென்ட் கோர்ட்டுகள் இருக்கின்றன. ஆர்.எல்.டி.ஓ.பி. என்று எண் கொடுப்பார்கள். வாடகை அதிகாரி வேறு, ரென்ட் கோர்ட் வேறு. துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரிதான் வாடகை அதிகாரி, அவர் ஒப்பந்தப் பதிவையும் வாடகை, கரண்ட், தண்ணீர் போன்ற தகராறுகளையும் பார்ப்பார், காலி செய்யச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கும் முதல்வரின் தனிப்பிரிவுக்கும் மனு போட்டுவிட்டு ஒரு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கிருந்து வரும் பதில் "நீதிமன்றத்தை அணுகவும்" என்ற ஒரு வரிதான்.

மனு யார் பெயரில்? வீடு மனைவி பெயரில், வாடகை உங்கள் கணக்கில். வாடகை வாங்குகிறவரும் இந்தச் சட்டப்படி வீட்டுக்காரர்தான், ஆனாலும் இரண்டு பேரும் மனுதாரராகச் சேர்ந்துவிடுங்கள். தனியாக நீங்கள் போட்டால் "இவர் ஓனரே இல்லை" என்று ஒரு கவுன்டர், அதாவது பதில் மனு வரும், தனியாக மனைவி போட்டால் "இவரிடம் நான் வாடகையே கொடுத்ததில்லை" என்று வரும். பத்திர நகல், சொத்து வரி ரசீது, மாடி மின் இணைப்பு அட்டை, பழைய அக்ரிமென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், நோட்டீஸ், திரும்பி வந்த கவர் எல்லாம் மனுவோடு போக வேண்டும். அக்ரிமென்ட் காலாவதியானது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யார் யாருக்கு, எவ்வளவு வாடகைக்கு, எப்போதிலிருந்து என்பதற்கு அதுதான் ஆரம்ப அத்தாட்சி.

ரென்ட் கோர்ட்டுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் முழுச் சடங்கும் கட்டாயமில்லை. வாக்குமூலத்தை அஃபிடவிட்டாகவே தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவர் வக்காலத்துப் போடுவார், கவுன்டர் தாக்கல் செய்ய வாய்தா கேட்பார், பிறகு உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயம் முழுக்கத் தெரிந்த நீங்களே முக்கியச் சாட்சியாக நிற்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே யாருக்காவது பவர் கொடுத்து வழக்கு நடத்துகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பவர் வாங்கியவர் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டுமே சாட்சி சொல்ல முடியும், உங்கள் மனதில் இருக்கும் தேவையை அவர் சொல்ல முடியாது.

எவ்வளவு நாள் ஆகும்? பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் நிச்சயம் வேகம்தான், ஆனால் தை மாதத்துக்குள் சாவி கைக்கு வரும் என்று எந்த வக்கீல் சொன்னாலும் நம்பாதீர்கள். கல்யாணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அதை இந்த வழக்கோடு முடிச்சுப் போட வேண்டாம். அவர் வராமலே இருந்து ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்தாலும், பிறகு ஒரு மனு போட்டு அதை ரத்து செய்யக் கேட்பார். விசாரணையில் தோற்றால் முப்பது நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் அப்பீல், அதற்கும் மேலே அரசியல் சாசனம் 227-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு என்று வழி இருக்கிறது. அங்கே ஸ்டே கேட்டால் பாக்கியைக் கட்டினால்தான் என்று நிபந்தனை போடச் சொல்லி உங்கள் வக்கீல் அழுத்திக் கேட்க வேண்டும். கீழ்க் கோர்ட்டிலும் வழக்கு நடக்கும் காலத்து வாடகையைக் கட்டச் சொல்லித் தனியாக மனு போட்டு வையுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, வாய்தா வாய்தாவாக அவர் இலவசமாகக் குடியிருக்கிறார்.

உத்தரவு வந்தும் காலி செய்யவில்லை என்றால் நிறைவேற்று மனு, இ.பி. என்பார்கள். கோர்ட் அமீனா (உத்தரவை நேரில் நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) வந்துதான் உங்களுக்கு வீட்டை ஒப்படைப்பார். கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் பூட்டை உடைக்க அனுமதி கேட்டுத் தனி மனு, தகராறு செய்வார் என்று தோன்றினால் போலீஸ் பாதுகாப்புக்கு இன்னொரு மனு. இரண்டையும் முன்கூட்டியே சேர்த்துப் போட்டுவிட்டால் அமீனா ஒரு முறை வந்து சும்மா திரும்பிப் போகும் நிலை வராது. அன்றைக்கு உள்ளே இருக்கும் சாமான்களை அமீனா முன்னால் பட்டியல் எடுத்து, வீடியோவும் எடுத்து, அதில் கையெழுத்து வாங்குங்கள். பீரோவில் இருந்த நகை காணோம் என்று மறுநாள் வரும் புகாருக்கு அந்தப் பட்டியல்தான் பதில். மின் மீட்டர் ரீடிங்கையும் எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்ய வேண்டிய தேதிக்குப் பிறகும் உட்கார்ந்திருந்த காலத்துக்குச் சாதாரண வாடகையைவிட அதிகமாக, குறைந்தது இரண்டு மடங்காவது நஷ்டஈடு கேட்க 23-வது பிரிவு இடம் தருகிறது, அதையும் மனுவிலேயே கேட்டு வையுங்கள்.

மாடி காலியானபின் மறுபடி வாடகைக்கு விடுவதாக இருந்தால், பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே வேண்டாம் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்டால் வேண்டாம் என்பது சார்பதிவாளர் பதிவுக்கு மட்டும் பொருந்தும். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வேண்டும், அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் தொண்ணூறு நாளுக்குள் ஏற்றினால் ஒரு பதிவு எண் தருவார்கள். அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் தவிர. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இந்த விதியை வீட்டுக்காரர்கள் கொஞ்சமாவது மதித்திருந்தால் "அட்வான்ஸ் திரும்ப வராது, அதனால் கடைசி மாதங்கள் வாடகை தர மாட்டேன்" என்று குடித்தனக்காரர்கள் கிளம்பியிருக்கவே மாட்டார்கள் என்பது என் அழுத்தமான எண்ணம். லீஸுக்கு, அதாவது ஒத்திக்கு விடுவது தனி விவகாரம், அதில் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இல்லாமல் காலி செய்யும் பேச்சையே எடுக்க முடியாது.

கடைசியாக, சமாதானம். பாக்கியில் பாதியைத் தள்ளிக் கொடுங்கள், மூன்று மாதம் டைம் கொடுங்கள், போய்விடுகிறேன் என்று அவர் வந்தால் யோசிக்காமல் மறுக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டியது மாடி. ஆனால் வாய்ப் பேச்சாகவோ வெள்ளைத் தாளிலோ முடிக்காதீர்கள். வழக்கைப் போட்டுவிட்டு, இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன், அதுவரை மாதம் இவ்வளவு கட்டுகிறேன், தவறினால் மறு விசாரணை இல்லாமல் உத்தரவை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவாகக் கோர்ட்டில் பதிவு செய்து, அதன்படி உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அவர் போகவில்லை என்றால் புது நோட்டீஸும் புது வழக்கும் வேண்டாம், நேராக இ.பி. போடலாம்.